துருவ ஆய்வு நிலையத்தில் ஒரு பருவ வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அண்டார்க்டிகாவில் ஒரு நிலையத்தின் சமையலறையிலும் சரக்குக் கிடங்கிலும் சில கோடைப் பருவங்கள் வேலை பார்த்திருக்கிறேன். அதைக் கேள்விப்படுகிறவர்கள் முதலில் குளிரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஆனால் போனவர்கள் திணறுவது பெரும்பாலும் குளிரால் அல்ல. பல் பரிசோதனையில், பகிர்ந்துகொள்ளும் அறையில், வீட்டிலிருந்து வரும் ஒரு தொலைபேசி அழைப்பில். என்னிடம் வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

நான் விஞ்ஞானி இல்லையே, என்னை எதுக்கு அங்கே எடுப்பாங்க?

நிலையம் என்பது ஒரு குட்டி ஊர். மின்சாரம், தண்ணீர், சாப்பாடு, குப்பை, வண்டி, விமானத் தளம் எல்லாம் ஓடினால்தான் ஆய்வு நடக்கும். ராஸ் தீவில் இருக்கும் அமெரிக்காவின் மக்மர்டோ நிலையத்தில் கோடையில் ஏறக்குறைய 1000 பேர் வரை இருப்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆய்வாளர்கள் அல்ல. எலக்ட்ரீஷியன், பிளம்பர், தச்சர், வெல்டர், புல்டோசர் ஓட்டுநர், எரிபொருள் குழாய் பார்ப்பவர், தீயணைப்பு வீரர், சமையல்காரர், பாத்திரம் கழுவுபவர், துப்புரவுப் பணியாளர், கிடங்கு எழுத்தர், வானிலைப் பதிவாளர் என்று பட்டியல் நீளும்.

கைத்தொழில் தெரிந்தவர்களுக்குத்தான் வாய்ப்பு அதிகம். டீசல் மெக்கானிக் கிடைப்பது எல்லா நாட்டு நிலையங்களுக்கும் கஷ்டம். தொழில் எதுவும் தெரியாதவர்கள் சமையலறை உதவி, துப்புரவு, சரக்கு ஏற்றி இறக்குதல் போன்றவற்றுக்கு முயற்சி செய்யலாம். ஆனால் அங்கே போட்டி கடுமை, ஏனென்றால் பட்டதாரிகளும் அதே வேலைக்குத்தான் வரிசையில் நிற்கிறார்கள்.

ஒரு பருவம்னா எத்தனை மாசம்?

தென் துருவப் பக்கம் கோடை என்பது அக்டோபர் முதல் பிப்ரவரி வரை. பெரும்பாலான கோடை ஒப்பந்தங்கள் மூன்று முதல் ஐந்து மாதம். தென் துருவப் புள்ளியிலேயே இருக்கும் அமுண்ட்சென்-ஸ்காட் நிலையத்துக்கு விமானம் வந்துபோவது ஏறக்குறைய அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரைதான். குளிர்காலமும் சேர்த்துத் தங்கினால் ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும். அது வேறு விஷயம், கடைசிப் பக்கம் வருகிறேன்.

எந்த நாட்டுக்காரரும் விண்ணப்பிக்கலாமா? எங்கே விண்ணப்பிக்கிறது?

பலரும் ஏமாறும் இடம் இது. அண்டார்க்டிகா எல்லோருக்கும் பொது என்பதால் வேலையும் எல்லோருக்கும் பொது என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படியில்லை. ஒவ்வொரு நாடும் தன் நிலையத்துக்குப் பொதுவாகத் தன் குடிமக்களையும், அங்கே நிரந்தரமாக வசிக்கவோ வேலை செய்யவோ உரிமை உள்ளவர்களையும்தான் எடுக்கும்.

அமெரிக்க நிலையங்களுக்கு அந்த நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளை நேரடியாக ஆள் எடுப்பதில்லை. ஒப்பந்த நிறுவனமும் அதன் துணை நிறுவனங்களும் எடுக்கின்றன. சமையலுக்கு ஒன்று, மருத்துவத்துக்கு ஒன்று என்று பிரிந்திருக்கும், ஆகவே ஒரே இடத்தில் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். பிரிட்டனுக்குக் கேம்பிரிட்ஜில் உள்ள பிரிட்டிஷ் அண்டார்க்டிக் ஆய்வகம், ஆஸ்திரேலியாவுக்கு டாஸ்மேனியாவில் உள்ள ஆஸ்திரேலிய அண்டார்க்டிக் பிரிவு. இந்தியாவின் மைத்ரி, பாரதி நிலையங்களுக்குக் கோவாவில் உள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையம். மருத்துவர், சமையல்காரர், மெக்கானிக், எலக்ட்ரீஷியன் போன்றோரை ஒப்பந்த அடிப்படையில் எடுக்கும் அறிவிப்பு அந்த மையத்திலிருந்தும் வரும். பருவம் தொடங்க ஆறேழு மாதம் முன்பே இந்த அறிவிப்புகள் வந்துவிடும். செப்டம்பரில் தேட ஆரம்பித்தால் அந்த ஆண்டு போனதுதான்.

ஏஜெண்ட் ஒருத்தர் அண்டார்க்டிகா வேலைக்கு முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். உண்மையான எந்த நிலையமும் வேலை தருவதற்குப் பணம் வாங்காது. விமானச் செலவையும் கடுங்குளிர் உடையையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். "உடைக் கட்டணம்", "துருவ விசாக் கட்டணம்" என்று யாராவது கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். முந்தைய பதிலில் சொன்ன அமைப்புகளின் சொந்த இணையதளத்தில் அந்த வேலை அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், போதும்.

மெடிக்கல் ரொம்பக் கஷ்டமாமே?

கஷ்டம் என்பதைவிட, நீளம். ரத்தப் பரிசோதனை, இதயத் துடிப்பு வரைபடம், மார்பு எக்ஸ்ரே, பல் எக்ஸ்ரே, வயதுக்கு ஏற்ப வேறு சோதனைகள், தடுப்பூசிகள் என்று போகும். கர்ப்பமாக இருந்தால் அனுப்ப மாட்டார்கள். குளிர்காலம் தங்குபவர்களுக்கு மனநலப் பரிசோதனையும் உண்டு. நிலையத்தில் ஒன்றிரண்டு மருத்துவர்கள்தான் இருப்பார்கள். பெரிய அறுவை சிகிச்சை என்றால் விமானத்தில் வெளியே கொண்டுபோக வேண்டும், அதற்கு வானிலை இடம் தர வேண்டும். அதனால்தான் இவ்வளவு கெடுபிடி.

நான் பார்த்த வரையில் அதிகம் பேரைத் தாமதப்படுத்துவது பல். சொத்தைப் பல்லை அடைத்திருக்க வேண்டும், தொல்லை தரக்கூடிய கடைவாய் ஞானப்பல் இருந்தால் பிடுங்கிவிட்டு வரச் சொல்வார்கள். ஆகவே வேலை உறுதியாகும் வரை காத்திருக்காமல், விண்ணப்பிக்கும்போதே பல் மருத்துவரைப் பாருங்கள். ஏதாவது நோய்க்குத் தொடர்ந்து மாத்திரை எடுப்பவர்கள் அதை மறைக்கவே வேண்டாம். கட்டுக்குள் இருக்கும் ரத்த அழுத்தத்துக்கு வழி இருக்கும். மறைத்த நோய் அங்கே போய் வெளிவந்தால் உங்களோடு சேர்த்து உங்களை மீட்க வரும் விமானக் குழுவின் உயிருக்கும் ஆபத்து.

குடல்வாலை எடுத்துட்டுத்தான் போகணுமா?

சாதாரணக் கோடைப் பணியாளருக்கு அப்படி ஒரு விதி கிடையாது. இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்றால், 1961-ல் சோவியத் நாட்டின் நோவோலாசரெவ்ஸ்கயா நிலையத்தில் லியோனித் ரோகசோவ் என்ற மருத்துவருக்குக் குடல்வால் வீங்கியது. அங்கிருந்த ஒரே மருத்துவர் அவர்தான். வேறு வழியில்லாமல் தன் வயிற்றைத் தானே கீறி, உடனிருந்தவர்கள் கண்ணாடி பிடிக்க, அதை எடுத்துக்கொண்டார், பிழைத்தும் விட்டார். ஆஸ்திரேலிய நிலையங்களில் குளிர்காலம் தங்கும் மருத்துவர்கள் குடல்வாலை முன்பே எடுத்திருக்க வேண்டும் என்ற விதி இன்றும் இருக்கிறது. அண்டார்க்டிகாவில் உள்ள சிலியின் வில்லா லாஸ் எஸ்ட்ரெல்லாஸ் குடியிருப்பில் நீண்ட காலம் தங்கிய குடும்பங்களுக்கும் அப்படி ஒரு விதி இருந்தது.

வேலை கிடைச்சாச்சுன்னு கடிதம் வந்துடுச்சு. இப்போ பார்க்கிற வேலையை விட்டுடலாமா?

மருத்துவத் தகுதிச் சான்று கைக்கு வரும் வரை விடாதீர்கள். கடிதம் என்பது மருத்துவத் தேர்வில் தேறினால் என்ற நிபந்தனையோடு வருவது.

இதன் மறுபக்கத்தையும் சொல்கிறேன். அமெரிக்க ஒப்பந்த நிறுவனங்கள் ஒரு இடத்துக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, இன்னொருவரை மாற்று ஆளாகவும் வைத்திருப்பார்கள். முதல் ஆள் மருத்துவத்தில் நின்றுவிட்டாலோ மனம் மாறினாலோ மாற்று ஆளுக்கு அழைப்பு வரும், சில சமயம் கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது. மாற்று ஆள் என்று சொன்னால் பலர் மனம் விட்டு, பரிசோதனைக்கே போகாமல் இருந்துவிடுகிறார்கள். நீங்கள் எல்லாவற்றையும் முடித்துத் தயாராக இருங்கள். நான் அங்கே பழகியவர்களில் பலர் அப்படி வந்தவர்கள்தான்.

அந்தக் குளிரை உடம்பு தாங்குமா?

தாங்கும். ரஷ்யாவின் வஸ்தோக் நிலையத்தில் 1983 ஜூலையில் பதிவான மைனஸ் 89.2 டிகிரியைப் படித்துவிட்டுப் பயப்படுகிறார்கள். அது உட்பகுதிப் பீடபூமியில், நடுக்குளிர்காலத்தில் பதிவானது. கடலோர நிலையங்களில் கோடையில் பூஜ்ஜியத்தை ஒட்டித்தான் இருக்கும், சில நாள் பனி உருகிச் சேறாகும். தென் துருவத்தில் நடுக்கோடையில்கூட மைனஸ் 25, 30 டிகிரி. அங்கே குளிரைவிட உயரம்தான் முதலில் படுத்தும். ஏறக்குறைய 2835 மீட்டர் உயரம், அதிலும் காற்றழுத்தம் குறைவதால் உடம்புக்கு 3000 மீட்டருக்கு மேல் இருப்பதாகவே படும். முதல் சில நாள் படியேறினாலே மூச்சு வாங்கும்.

வெளியே போடும் கனத்த மேலங்கி, காலணி, கையுறை எல்லாம் நிலையமே தரும். அமெரிக்கத் திட்டத்தில் போகிறவர்கள் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் போட்டுப் பார்த்து வாங்கிக்கொள்வார்கள். அங்கே கூச்சப்படாமல் ஒவ்வொரு ஜிப்பையும் இழுத்துப் பாருங்கள், கையுறையோடு இழுக்க வருகிறதா என்று. காலணி இறுக்கமாக இருந்தால் கட்டாயம் மாற்றுங்கள், இறுகிய காலில் ரத்தம் ஓடாது. உங்கள் பணத்தில் வாங்க வேண்டியது நல்ல உள்ளாடை, கம்பளிக் காலுறை, தரமான குளிர்கண்ணாடி. பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைச் சுட்டுவிடும்.

சம்பளம் எவ்வளவு? நிறைய சேர்க்கலாமா?

சம்பளம் பெரிதாக இருக்காது, குறிப்பாகச் சமையலறை, துப்புரவு வேலைகளுக்கு. ஆனால் வாடகை இல்லை, சாப்பாட்டுச் செலவு இல்லை, செலவழிக்க இடமும் இல்லை. அதனால் வாங்குவது பெரும்பாலும் மிஞ்சும். ஒப்பந்தத்தை முழுசாக முடித்தால் மட்டும் கிடைக்கும் ஊக்கத்தொகை சில இடங்களில் உண்டு. கையெழுத்துப் போடும் முன் அதைக் கேளுங்கள். வரியையும் கேளுங்கள்: வெளிநாட்டில் சம்பாதித்தால் கிடைக்கும் வரிச்சலுகை அண்டார்க்டிகாவுக்கும் உண்டு என்று அமெரிக்கர்கள் பலர் நினைக்கிறார்கள். அந்நாட்டுச் சட்டப்படி அது "வெளிநாடு" கணக்கில் வராது.

ஒரு நாள் எப்படிப் போகும்?

வேலை, சாப்பாடு, தூக்கம். மக்மர்டோவில் வாரத்துக்கு ஆறு நாள், நாளைக்கு 9 மணி நேரம், மொத்தம் 54 மணி நேரம். சாகசத்துக்காக வருகிறவர்களுக்கு முதல் மாதத்தில் அடி விழுவது இங்கேதான்.

பாத்திரம் கழுவும் இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தட்டுகள் வந்துகொண்டே இருக்கும். ஒரு பக்கம் கழுவும் எந்திரத்தின் ஆவி, மறுபக்கம் கதவைத் திறந்தால் பாலைவனத்தைவிட வறண்ட காற்று. இரண்டு வாரத்தில் விரல் நுனிகள் நகத்தின் ஓரமாக வெடித்துவிடும். உப்பு பட்டால் எரியும். களிம்பு தடவி, பருத்திக் கையுறை போட்டுத் தூங்குவோம். வெடிப்பை உடனடிப் பசையால் ஒட்டிக்கொண்டு வேலை பார்க்கிறவர்களும் உண்டு. அங்கே நடுவில் ஆய்வாளர் ஒருவர் தட்டை வைத்துவிட்டு அன்று தோண்டி எடுத்த பனித்தண்டில் எத்தனை ஆண்டுப் படிவுகள் தெரிந்தன என்று சொல்லிவிட்டுப் போவார். இந்த இரண்டும் ஒரே நாளில் நடக்கும் இடம் அது. எனக்கு அதுதான் பிடித்திருந்தது.

சாப்பிட்ட பிறகு நேரம் உங்களுடையது. உடற்பயிற்சிக் கூடம், நூலகம், இசைக் குழு, அறிவியல் சொற்பொழிவு எல்லாம் இருக்கும். சொற்பொழிவை விடாதீர்கள். நீங்கள் யாருடைய வேலைக்காகப் பாத்திரம் கழுவுகிறீர்கள் என்பது அங்கேதான் தெரியும்.

சாப்பாடு, குளியல் எல்லாம் எப்படி?

சாப்பாடு நிறைய இருக்கும், பெரும்பாலும் உறைந்தது, உலர்ந்தது, டப்பாவில் அடைத்தது. பச்சைக் காய்கறியும் பழமும் விமானம் வந்தால்தான். வானிலை மோசமாகி விமானம் ஒரு வாரம் தள்ளிப்போனால் ஆப்பிளைக் கண்ணில் பார்க்க முடியாது. சைவம் சாப்பிடுபவர்கள் பல நிலையங்களில் சமாளிக்கலாம், ஆனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தண்ணீர் இடத்துக்கு இடம் மாறும். மக்மர்டோவில் கடல்நீரை நன்னீராக்குகிறார்கள். தென் துருவத்தில் பனிக்கட்டிக்குள் வெந்நீர் விட்டு உருக்கிக் கிணறு மாதிரி எடுக்கிறார்கள். அதற்கு எரிபொருள் வேண்டும், எரிபொருள் அத்தனையும் வெளியிலிருந்து வர வேண்டும். அதனால் அங்கே வாரம் இரண்டு குளியல், ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம்.

போன், இன்டர்நெட் கிடைக்குமா?

முன்பைவிட எவ்வளவோ மேல். கடலோர நிலையங்கள் பலவற்றில் செய்தி அனுப்பலாம், பேசலாம். தென் துருவத்தில் செயற்கைக்கோள் அடிவானத்துக்கு மேல் தெரியும் சில மணி நேரம்தான் இணைப்பு. அந்த நேரமும் தினமும் நகரும். வீட்டில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: இரண்டு நாள் பதில் வரவில்லை என்றால் ஒன்றும் ஆகிவிடவில்லை, இணைப்பு இல்லை, அவ்வளவுதான்.

இருபத்து நாலு மணி நேரமும் வெயில்னா எப்படித் தூங்குறது?

ஜன்னலை இருட்டாக மூடி, கண்பட்டை கட்டி. மக்மர்டோவில் அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை சூரியன் மறையாது. இரவு பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்தால் நடுப்பகல் மாதிரி இருக்கும், தூக்கம் ஓடிப்போகும். கடிகாரத்தைப் பார்த்துப் படுங்கள், வெளிச்சத்தைப் பார்த்து அல்ல. அப்புறம், காதடைப்பான். அறையில் இன்னொருவர், சில சமயம் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள், எல்லோருக்கும் ஒரே நேரப் பணி இருக்காது.

ரொம்ப ஆபத்தான விஷயம் எது?

தீ. காற்று வறண்டது, காற்றின் வேகம் அதிகம், அணைக்கத் தண்ணீர் குறைவு, கட்டடம் எரிந்துவிட்டால் ஒதுங்க வேறு இடமில்லை. 2012 பிப்ரவரியில் பிரேசிலின் கொமாந்தாந்தே ஃபெராஸ் நிலையம் எரிந்தது, இரண்டு பேர் இறந்தார்கள். சின்ன நிலையங்களில் சமையல்காரர், எழுத்தர் என்ற வித்தியாசமின்றி எல்லோரும் அவசரகாலக் குழுவில் இருப்பார்கள். பயிற்சி மணி அடித்தால் "இது சும்மாதான்" என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

அடுத்தது வானிலை. மக்மர்டோவில் வானிலையை மூன்று நிலையாகப் பிரித்திருக்கிறார்கள். மூன்று என்றால் சாதாரணம், ஒன்று என்றால் கட்டடத்தை விட்டு வெளியே வரக்கூடாது. பக்கத்துக் கட்டடம்தானே என்று கிளம்புவதுதான் உயிரை எடுக்கும். புயலில் நீட்டிய கையே தெரியாது.

பென்குவின் பார்க்கலாமா? ஞாபகத்துக்கு ஒரு கல் எடுத்துட்டு வரலாமா?

கடலோரத்தில் என்றால் பார்க்க வாய்ப்பு உண்டு. தென் துருவப் புள்ளியில் பென்குவின் கிடையாது, அங்கிருந்து கடல் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். பார்த்தாலும் கிட்டே போகக்கூடாது. உங்களால் ஒரு பறவை தன் போக்கை மாற்றினாலே நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

கல், இறகு, எலும்பு எதுவும் எடுக்கக்கூடாது. 1991-ல் கையெழுத்தாகி 1998-ல் நடைமுறைக்கு வந்த, அண்டார்க்டிகாவின் சுற்றுச்சூழலைக் காக்கும் மாட்ரிட் உடன்படிக்கையின்படி அது பாதுகாக்கப்பட்ட நிலம். அதே காரணத்தால்தான் பனிச்சறுக்கு வண்டி இழுத்த நாய்களையும் 1994-க்குள் வெளியேற்றினார்கள். குப்பையைப் பல வகையாகப் பிரித்துக் கப்பலில் திருப்பி அனுப்புகிறார்கள். கூடார முகாம்கள் பலவற்றில் மனிதக் கழிவையும்கூட. குப்பை பிரிப்பதில் அலட்சியம் காட்டுகிறவரை அங்கே யாருக்கும் பிடிக்காது.

பெண்கள் தனியாகப் போகலாமா? பாதுகாப்பு எப்படி?

போகலாம், நிறையப் பெண்கள் போகிறார்கள், நிலையத் தலைவர்களாகவும் இருக்கிறார்கள். ஆனால் மறைக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2022-ல் வெளியிட்ட அறிக்கை, பாலியல் தொந்தரவு அங்கே தீவிரமான பிரச்சினை என்பதைப் பதிவு செய்தது. ஆஸ்திரேலியத் திட்டத்திலும் அதே ஆண்டு அப்படி ஓர் ஆய்வு வந்தது. தொந்தரவு செய்தவரும் பாதிக்கப்பட்டவரும் ஒரே உணவுக்கூடத்தில் மாதக்கணக்கில் இருக்க வேண்டிய இடம் அது, அதுதான் கொடுமை. அதன் பிறகு ரகசிய உதவி எண், புகார் வழிகள் எல்லாம் வலுப்பட்டிருக்கின்றன.

நேர்காணலிலேயே கேளுங்கள்: புகாரை யாரிடம் கொடுப்பது, மேலதிகாரியைத் தாண்டிக் கொடுக்க வழி உண்டா, அறைத்தோழியை மாற்ற முடியுமா? கேட்பதால் வேலை போகாது. பதில் சொல்லத் தடுமாறும் நிறுவனத்தை நீங்களே வேண்டாம் என்று சொல்லலாம்.

வீட்ல யாருக்காவது ஏதாவது ஆனா உடனே வர முடியுமா?

கோடையில் வரலாம், ஆனால் உடனே அல்ல. கிறைஸ்ட்சர்ச்சுக்கும் மக்மர்டோவுக்கும் இடையே பெரிய சரக்கு விமானத்தில் ஐந்து மணி நேரப் பயணம்தான். ஆனால் வானிலை கெட்டால் பாதி வழியில் திரும்பிவிடும், இதைப் பூமராங் என்பார்கள். அடுத்த விமானம் நாளைக்கா, ஐந்து நாள் கழித்தா என்று யாராலும் சொல்ல முடியாது. இறுதிச் சடங்கைத் தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் பக்கத்து அறையில் அழுவதைக் கேட்டிருக்கிறேன், சொல்வதற்கு எதுவும் இருக்கவில்லை.

ஆகவே பெற்றோர் உடல்நிலை மோசமாக இருந்தால் இந்த ஆண்டு வேண்டாம் என்பதுதான் என் கருத்து, அடுத்த ஆண்டும் பருவம் வரும். போவதானால் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். எதற்குச் செய்தி சொல்ல வேண்டும், எதற்கு வேண்டாம், நீங்கள் வராமலே யார் முடிவெடுப்பார். வங்கி, வாடகை, காப்பீடு இவற்றைப் பார்த்துக்கொள்ள நம்பகமான ஒருவருக்கு எழுத்துமூலம் அதிகாரம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

பிடிக்கலைன்னா பாதியில கிளம்பலாமா?

கோடையில் முடியும். யாரும் கட்டிவைக்க மாட்டார்கள். ஆனால் மேலே சொன்ன ஊக்கத்தொகை போகும், திரும்பும் செலவு யாருடையது என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது, மறுபடி அங்கே வேலை கிடைப்பது கடினம். மூன்றாவது, நான்காவது வாரத்தில் எல்லோருக்கும் கிளம்பிவிடத் தோன்றும். அந்த நேரத்தில் முடிவெடுக்காமல் இன்னும் பத்து நாள் தள்ளிப்போடுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஆர்க்டிக் பக்கம் வேலை எளிதா?

சில விதத்தில். நார்வேயைச் சேர்ந்த ஸ்வால்பார்டில் உள்ள நியூ-ஓலெசுண்ட் ஊர் மனிதர்கள் ஏற்கெனவே வாழும் தீவுக்கூட்டத்தில் இருக்கிறது, விமானத்தில் சீக்கிரம் போய்வரலாம். பல நாடுகளின் ஆய்வு நிலையங்கள் அங்கே அருகருகே இருக்கின்றன, 2008-ல் தொடங்கிய இந்தியாவின் ஹிமாத்ரியும் அதில் ஒன்று. ஊரை நிர்வகிக்கும் கிங்ஸ் பே என்ற நிறுவனமே சமையல், பராமரிப்பு வேலைகளுக்கு ஆள் எடுக்கிறது. 1920-ன் ஸ்வால்பார்ட் ஒப்பந்தத்தால் தீவுக்கு விசா தேவையில்லை. ஆனால் நார்வே வழியாகப் போவதற்கு ஷெங்கன் விசா வேண்டியிருக்கும், இதைப் பலர் மறக்கிறார்கள்.

அங்கே பனிக்கரடி உண்டு. ஊர் எல்லையைத் தாண்ட வேண்டுமானால் துப்பாக்கிப் பயிற்சி வேண்டும், அவசரத்துக்கு யாரும் நுழையலாம் என்று கதவுகளைப் பூட்டுவதில்லை. நுண்ணிய வானொலி அளவீடுகள் நடப்பதால் வைஃபை, புளூடூத் அணைத்துவைக்க வேண்டும்.

குளிர்காலமும் தங்கச் சொல்றாங்க. ஒத்துக்கலாமா?

முதல் முறை போகிறவர் என்றால் யோசியுங்கள். ஒரு கோடை முடித்துவிட்டுச் சொல்லலாம். தென் துருவத்தில் பிப்ரவரியில் கடைசி விமானம் கிளம்பினால் ஏறக்குறைய எட்டு மாதம் நாற்பது பேர் சொச்சம் மட்டும். மார்ச்சில் மறையும் சூரியன் செப்டம்பரில்தான் எழும். 1999-ல் அங்கே தங்கிய மருத்துவர் ஜெர்ரி நீல்சன் தன் மார்பகக் கட்டியைத் தானே கண்டுபிடித்தார். மருந்தை விமானத்திலிருந்து கீழே போட்டார்கள், அவரை வெளியே கொண்டுவர அக்டோபர் ஆனது. 2001-லும் 2016-லும் குளிர்காலத்தின் நடுவே நோயாளிகளைச் சிறு விமானத்தில் மீட்டிருக்கிறார்கள், ஆனால் அதை நம்பிப் போகக்கூடாது.

மறதி, தூக்கமின்மை, பேசிக்கொண்டிருக்கும்போதே வெறித்துப் பார்ப்பது இவையெல்லாம் குளிர்காலவாசிகளுக்கு வருவது மருத்துவர்கள் பதிவு செய்த விஷயம். திடமானவர்களுக்கும் வரும். கோடையில் அறைத்தோழர் மெல்லும் சத்தமே எரிச்சல் மூட்டியது என்றால், குளிர்காலம் உங்களுக்கு இல்லை.

ஒரு பருவம் முடிச்சா அடுத்த வருஷம் மறுபடி கூப்பிடுவாங்களா?

நன்றாக வேலை செய்திருந்தால் கூப்பிடுவார்கள், திரும்பி வருகிறவர்களுக்கு எல்லா இடத்திலும் முன்னுரிமை உண்டு. ஜனவரியிலேயே மேற்பார்வையாளரிடம் உங்கள் விருப்பத்தைச் சொல்லிவிடுங்கள், அடுத்த பருவத்துக்கான பட்டியலை அப்போதே போட ஆரம்பித்துவிடுவார்கள். பாத்திரம் கழுவ வந்தவர் அடுத்த ஆண்டு கிடங்குக்கும், அதற்கடுத்து எரிபொருள் பிரிவுக்கும் மாறுவது சகஜம். இடையில் ஊரில் இருக்கும் மாதங்களில் கனரக வண்டி ஓட்டுநர் உரிமமோ முதலுதவிச் சான்றிதழோ வாங்கினால் இன்னும் நல்லது. மருத்துவப் பரிசோதனை ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்ய வேண்டும், பல் உட்பட.